மோனேயின் பாலமும் என் இடது கண்ணும்

பாரீஸில் மார்மோத்தான் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் நின்ற காவலாளிக்கு என் மேல் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. தலை நரைத்த ஆள் ஒருவன் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இடது கண்ணைப் பொத்துகிறான். பிறகு வலது கண்ணைப் பொத்துகிறான். நாலு எட்டு பின்னால் போகிறான், திரும்ப வருகிறான், சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து என்னவோ எழுதுகிறான். இருபது நிமிடமாக இதே வேலை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு கண் வைத்திருப்பேன்.

“அப்பா, எல்லாரும் பாக்கறாங்க. அடுத்த படத்துக்குப் போலாம் வாங்க” என்றாள் மகள்.

“நீ போய்ட்டு வாம்மா. நான் இங்கயேதான் இருப்பேன்.”

அவள் வேலை பார்ப்பது பாரீஸில். ஒரு மாதம் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பி வந்த நேரம்தான் விசேஷம். வலது கண்ணில் புரை எடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இடது கண் அப்படியே பழைய புரையோடு இருந்தது.

நான் முப்பத்தோரு வருடம் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவன். துணி வாங்குகிறவர் ஒரு துண்டு அனுப்புவார், அதுதான் ஸ்டாண்டர்டு. அதே நிறம் நூலில் வரவேண்டும். லேபில் சின்னத் துண்டுக்குச் சாயம் போட்டு, பட்டனை அழுத்தினால் வெளிச்சம் மாறும் லைட் பாக்ஸுக்குள் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்து, ‘சிவப்பு துளி ஏறணும்’, ‘டல்லடிக்குது’, ‘மஞ்சள் தூக்கலா இருக்கு, குறை’ என்று சொல்வது என் பிழைப்பு. பிற்காலத்தில் நிறத்தை எண்ணாகச் சொல்லும் மெஷின் வந்தது. மெஷின் சரி என்று சொன்னாலும் என் கண் சரி என்று சொன்ன பிறகுதான் லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட சரக்கு, வெளியே போகும் என்று ஒரு மிதப்பு இருந்தது எனக்கு.

அந்த மிதப்பு கடைசி வருடம் இறங்கியது. ஒரு வெள்ளை லாட். கூட வேலை பார்த்த பையன், “மாஸ்டர், இது லேசா மஞ்சளடிக்குதுங்க” என்றான். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஸ்டாண்டர்டும் லாட்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. “உனக்குக் கண்ணு தெரியலைடா” என்று அவனை ஏசிவிட்டு ஓகே போட்டேன். லாட் முழுக்கத் திரும்பி வந்தது. மெஷினில் வைத்தால் பையன் சொன்னதுதான் சரி. அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இந்தச் சொந்தக்கதை எதற்கென்றால், நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தை வரைந்தவரும் புரைக்கண்ணர்.

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் ‘ஜப்பானியப் பாலம்’. இந்தப் பெயரில் ஒரு படம் அல்ல, ஒரு வரிசையே இருக்கிறது. 1918-லிருந்து 1924 வரைக்குள் என்று பொதுவாகக் காலம் போடுகிறார்கள். நியூயார்க்கில் ஒன்று, பிலடெல்பியாவில் ஒன்று என்று சில வெளியே போயிருக்கின்றன. மார்மோத்தானில் பல இருக்கின்றன, ஏனென்றால் அவர் மகன் மிஷேல் 1966-ல் இறந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்த ஓவியங்களையெல்லாம் இந்த அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டார். அதாவது நான் பார்ப்பவை மோனே விற்காமல் வீட்டிலேயே வைத்திருந்த படங்கள். இது முக்கியம், பிறகு வருகிறேன்.

இதே பாலத்தை அவர் 1899-லும் வரைந்திருக்கிறார். பலரும் அச்சில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பாலம், கீழே அல்லிக் குளம், எல்லாம் வெயிலில் குளித்ததுபோல அமைதியாக இருக்கும். ஒவ்வொரு இலைக்கும் அதனதன் இடம் உண்டு. அந்த ஞாபகத்தோடு அடித்தளத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றால் அடி விழுந்த மாதிரி இருக்கிறது. பாலமே இல்லை. செங்கல் சிவப்பு, துரு, மெரூன், கெட்டியான மஞ்சள், பாட்டில் பச்சை எல்லாம் கயிறு கயிறாகத் தொங்குகின்றன. தண்ணீர் எது, செடி எது, ஆகாயம் எது என்று பிரிக்க முடியாது. வண்ணம் அப்பிய இடத்தில் மறுபடி அப்பி, அது காய்ந்த பிறகு இன்னொரு முறை அப்பி, மேடு தட்டியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் வெறும் கான்வாஸ் எட்டிப்பார்க்கிறது. எங்கள் பட்டறையில் சாயம் கலந்து ஊற்றும் தொட்டியின் வாயில் வருடக்கணக்காகப் படிந்திருக்கும் கறை ஞாபகம் வந்தது. மோனேயைப் பற்றி இப்படிச் சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் எனக்கு அது பிடித்த கறை.

ஐந்தாறு எட்டு பின்னால் போனால் ஒரு வளைவு தெரிகிறது. அதற்கு மேலே இன்னொரு வளைவு. கீழே இருப்பது பாலம். மேலே இருப்பது, பின்னாளில் பாலத்துக்கு மேல் பந்தல் மாதிரி வளைத்துக் கட்டிய சட்டத்தில் படர்ந்த விஸ்டீரியா கொடி. 1899 படத்தில் அந்த மேல் வளைவு கிடையாது, அப்போது பந்தலே போடவில்லை. ஒருமுறை இரண்டு வளைவும் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எவ்வளவு கிட்டே போனாலும் மறையமாட்டேன் என்கின்றன.

பாலம் இருந்த தோட்டம் ஜிவெர்னியில், பாரீஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வெர்னோன், அங்கிருந்து பஸ். 1883-ல் மோனே அங்கே வாடகைக்குக் குடிபோனார், 1890-ல் வீட்டை வாங்கினார், 1893-ல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தையும் வாங்கிக் குளம் வெட்டக் கிளம்பினார். எப்த் ஆற்றின் சிறு கிளையிலிருந்து தண்ணீர் திருப்ப அனுமதி கேட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளியூர்ச் செடிகளைக் கொண்டுவந்து தண்ணீரைக் கெடுத்துவிடுவார் என்று பயம். மோனே மாவட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதி ஒருவழியாக அனுமதி வாங்கினார். கலர் அல்லிகள் தெற்கே லதூர்-மார்லியாக்கின் நாற்றுப்பண்ணையிலிருந்து வந்தன. ஆக, அவர் வரைந்த குளம் இயற்கையாக இருந்த குளமில்லை, வரைவதற்காக அவரே செய்துவைத்துக்கொண்டது. சாலையில் கிளம்பும் புழுதி அல்லி இலையில் படிகிறது என்று தன் செலவில் சாலைக்குத் தார் போட வைத்த மனிதர். ஷேடு பார்க்கிறவனுக்கு இந்தப் பைத்தியம் புரியும். நான் லேப் சுவருக்குச் சாம்பல் நிறம் தவிர வேறு பெயிண்ட் அடிக்க விட்டதில்லை.

1912-ல் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது வயது 71. முந்தைய வருடம்தான் மனைவி ஆலிஸ் இறந்திருந்தார். 1914-ல் மூத்த மகன் ஜானும் போய்விட்டார். புரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி நண்பர் க்ளெமான்ஸோ விடாமல் வற்புறுத்தினார். பிரான்ஸின் பிரதமராக இருந்தவர் என்பதோடு அவர் மருத்துவம் படித்தவரும்கூட. மோனே பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். சும்மா பயமில்லை. அவர் வட்டத்தைச் சேர்ந்த ஓவியர் மேரி கசாட்டுக்கும் அறுவை செய்திருந்தார்கள், பார்வை மீளவில்லை.

1922 செப்டம்பரில் டாக்டர் ஷார்ல் கூத்தெலா பரிசோதித்தபோது வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்ற உணர்வு மட்டும்தான் மிச்சம். இடது கண்ணில் பத்தில் ஒரு பங்கு பார்வை. இந்தக் கண்களை வைத்துக்கொண்டுதான் அதுவரை வரைந்துகொண்டிருந்தார். நிறம் தெரியாமல் எப்படி என்றால், ட்யூபில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பியும், பலகையில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் பழக்கத்தை நம்பியும். அதிக நிறமும் இல்லை. 1905-ல் தன் ஓவிய வியாபாரிக்கு அவர் எழுதிய பட்டியலில் ஆறுதான்: ஈய வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை.

அதனால் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இதுதான். புரை முற்றினால் கண்ணின் வில்லை பழுப்பு மஞ்சளாகிவிடும், நீலமும் ஊதாவும் உள்ளே வராது, உலகம் செம்மஞ்சளாகத் தெரியும், மோனே தெரிந்ததை வரைந்தார், ஆகவே பாலம் சிவப்பு. மகளும் இதையே சொன்னாள். படத்துக்கு முன்னால் நின்ற ஒரு குழுவுக்கு வழிகாட்டியும் இதையே சொன்னதாக அவள் மொழிபெயர்த்தாள்.

இதில்தான் எனக்கு வழக்கு.

மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஷேடு பார்த்தால் என்ன ஆகும்? ஸ்டாண்டர்டும் மஞ்சளாகத் தெரியும், சாம்பிளும் மஞ்சளாகத் தெரியும். இரண்டையும் பொருத்தினால் பொருந்தியது பொருந்தியதுதான். பிறகு கண்ணாடியைக் கழற்றினாலும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அதேபோல மோனேயின் கண் குளத்தைச் சிவப்பாகக் காட்டியது என்றால் பலகையில் இருக்கும் வண்ணத்தையும் சிவப்பாகத்தானே காட்டியிருக்கும்? பச்சைப் பாலத்துக்குப் பொருந்துவது அப்போதும் பச்சை வண்ணம்தான். அவர் சிவப்பை எடுத்து அப்பவேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் புரைக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். என் வெள்ளை லாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெள்ளை மஞ்சளாகத் தெரிந்ததால் பிரச்சினை வரவில்லை. இரண்டு வெள்ளைக்கு நடுவில் இருந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் வந்தது. புரை செய்வது அதைத்தான். நீலத்துக்கும் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருந்த படிகளை அழித்துவிடும். குளத்தங்கரையில் நிழலில் நிற்கும் ஒருவனுக்கு அந்தப் படிகள்தான் எல்லாமே. அவை போன பிறகு கையில் மிஞ்சுவது சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும். தெரிகிற நிறத்தில்தான் வித்தியாசம் காட்ட முடியும். கூட்டத்தில் காது மந்தமானவர் குரலை உயர்த்திப் பேசுவதுபோல இந்தப் படம் கத்துகிறது என்பது என் ஊகம்.

ஊகம்தான். எனக்கே இடிக்கிற விஷயமும் உண்டு. அதே வருடங்களில் அவர் வரைந்துகொண்டிருந்த பெரிய அல்லிப் படங்களை ஒரான்ஜெரி என்ற இன்னொரு பாரீஸ் அருங்காட்சியகத்தில் பார்த்தோம். முதல் உலகப்போர் முடிந்த மறுநாள், 1918 நவம்பர் 12-ல், நாட்டுக்குக் கொடுக்கிறேன் என்று க்ளெமான்ஸோவுக்குக் கடிதம் எழுதி, அது வளர்ந்து வளர்ந்து எட்டு ஓவியங்களாகி, அவர் இறந்த பிறகு 1927 மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டு முட்டை வடிவ அறைகள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு, சுற்றிச் சுற்றி நீலம், ஊதா, வெளிர்பச்சை. மேகம் போகும்போது மேலிருந்து வரும் வெளிச்சம் மாறிச் சுவரின் நிறமும் மாறுகிறது. லைட் பாக்ஸில் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தியவனுக்கு அங்கேயே படுத்துவிடலாம் என்று இருந்தது. அந்த ஆளின் கண்தானே இந்த ஆளின் கண்ணும்? கண் மட்டுமே நிறத்தைத் தீர்மானித்திருந்தால் இந்த நீலம் எங்கிருந்து வந்தது? பல வருடமாகத் திருத்திக்கொண்டே இருந்தார், அறுவைக்குப் பிறகும் திருத்தினார் என்பது உண்மை. ஆனாலும் பாலத்தைச் சிவப்பாக்கியதில் அவர் விருப்பமும் கொஞ்சம் இருக்கவேண்டும். பார்வை இடறியபோது ஒரு இடத்தில் அடங்கிப்போனார், இன்னொரு இடத்தில் அவிழ்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. 1923 ஜனவரியில் இரண்டு தடவை, ஜூலையில் ஒரு தடவை என வலது கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்தது. எனக்கு இருபது நிமிடத்தில் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். 82 வயது மோனே கண் கட்டோடு, தலையை அசைக்காமல் நாள்கணக்கில் கிடக்கவேண்டியிருந்தது. முரண்டு பிடித்திருக்கிறார். கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் வித்தை 1949-ல்தான் வந்தது, ஆகவே அவருக்குக் கனத்த கண்ணாடிதான். போட்டதும் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று ஒரு புலம்பல், பிறகு மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒரு புலம்பல். நீலப் புலம்பல் எனக்கு அப்படியே புரிந்தது. கட்டுப் பிரித்த அன்று குளியலறைத் துண்டைப் பார்த்துவிட்டு யாரோ நீலம் அதிகம் போட்டு அலசிவிட்டார்கள் என்று மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் பேசாமல் என் இடது கண்ணைத் திறக்கச் சொல்லி வலது கண்ணைத் தன் கையால் பொத்தினாள். துண்டு பழையபடி பழுப்பாகிவிட்டது. கண்ணை மாற்றி மாற்றிப் பொத்தும் பழக்கம் அன்றைக்குத் தொற்றியதுதான்.

மோனேக்குப் பிடிக்காத கான்வாஸ்களைக் கிழிக்கும் வழக்கம் உண்டு. 1925 வாக்கில் புதுக் கண்ணாடி பொருந்தி நிறம் ஓரளவு சரியானபோது இந்தச் சிவப்புப் பாலங்கள் வீட்டிலேயே இருந்தன. கத்தியும் அடுப்பும் வீட்டில்தான் இருந்தன. சிலவற்றை விட்டுவைத்திருக்கிறார். தெளிந்த கண்ணோடு பார்த்துவிட்டு ஓகே போட்ட லாட் என்று நான் இதைப் படிக்கிறேன்.

அடுத்த நாள் ஜிவெர்னி. ஏப்ரல் கடைசி, விஸ்டீரியா ஊதாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நிற்க இடமில்லை, ஒவ்வொருவரும் படமெடுத்து முடிக்கிறவரை காத்திருக்கவேண்டும். மேலே ஏறினால் பாலம் தெரியாது என்பது ஏறிய பிறகுதான் உறைக்கிறது. எதிர்க்கரைக்குப் போய் நின்றோம். ஒருவர் படகில் போய்க்கொண்டே தண்ணீரில் விழுந்த இலைகளை வலையால் அள்ளினார். மோனே காலத்திலும் குளத்துக்கென்று தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தாராம். பாலத்தின் பச்சை சுத்தமான பச்சை, துளி நீலம் தூக்கல். வலது கண்ணில் அப்படி. இடது கண்ணில் பாசி. எந்தக் கண்ணிலும் சிவப்பில்லை. கரையோரம் குந்திப் பார்த்தேன், இலைகளுக்கு நடுவில் தண்ணீர் நிழலில் மட்டும் ஒரு செம்பழுப்பு இருந்தது. “சிவப்பைத் தேடறீங்களாப்பா?” என்றாள் மகள். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மோனே 1926 டிசம்பர் 5-ல் இறந்தார். சவப்பெட்டியின் மேல் போர்த்திய கறுப்புத் துணியைக் க்ளெமான்ஸோ எடுத்துவிட்டு, மோனேக்குக் கறுப்பு வேண்டாம் என்று பூப்போட்ட துணியைப் போர்த்தினார் என்று சொல்வார்கள். இடது கண்ணுக்கு அறுவை செய்துகொள்ள மோனே கடைசிவரை சம்மதிக்கவில்லை.

எனக்கு இடது கண்ணுக்குத் தேதி வருகிற 14. அதற்குப் பிறகு என் குறிப்பேட்டின் இடது பக்கத்தை நானே சரிபார்க்க முடியாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். மார்மோத்தானில் கிறுக்கியது, எழுத்து மோசம்.

பாலத்தின் கைப்பிடி. இடது: துரு. வலது: துருவும் மேலே ரோஸ் கீற்றுகளும்.

தொங்கும் கொடி. இடது: பழுப்பு, எல்லாம் ஒரே லாட். வலது: மெரூன், ஊதா, ஆரஞ்சு. மூன்று லாட்.

மொத்தமாக. இடது: பாலம் உடனே தெரிகிறது, சத்தம் இல்லை. வலது: பாலம் தேடவேண்டும், இரைச்சல்.

இரண்டு வளைவுக்கும் நடுவில், வலப்பக்கம் தள்ளி, விரல் நீளத்துக்கு ஒரு தீற்றல். இடது: கறுப்பு. வலது: நல்ல கோபால்ட் நீலம், கலப்படமில்லை. இதை அவர் எப்போது வைத்தார்? 23-க்கு முன்னால் என்றால் ட்யூபின் பெயரைப் படித்து வைத்திருக்கவேண்டும். பின்னால் என்றால் வலது கண்ணால். மறுபடி கிட்டே போய்ப் பார். காவலாளி வருகிறார்.